அபு படங்களின் 4கே பெட்டி: வாங்கும் முன் ரீஜனைப் பாருங்கள்

அபு என்ற சிறுவனின் வாழ்க்கையைச் சொல்லும் சத்யஜித் ராயின் வங்காளப் படங்கள் மூன்றையும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015-இல் மறுசீரமைத்த வடிவில் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. அதே மறுசீரமைப்பு 2024-இல் 4கே யுஎச்டி டிஸ்க்குகளோடு புதிய பெட்டியாக வந்தது. பதேர் பாஞ்சாலி (1955, 125 நிமிடம்), அபராஜிதோ (1956, 110 நிமிடம்), அபுர் சன்சார் (1959, 106 நிமிடம்) ஆகிய மூன்றுக்கும் தலா ஒரு 4கே டிஸ்க், தலா ஒரு ப்ளூ-ரே. பெட்டிக்குள் மொத்தம் ஆறு டிஸ்க்.

படத்தின் தரத்துக்காக மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று பிரிக்கும் ரீஜன் பூட்டால், இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவருக்கு இந்தப் பெட்டியின் ஒரு பாதி பூட்டியே இருக்கும். அது ஏன் என்பதையும், மூன்று படங்களில் எதில் 4கேயின் பலன் எவ்வளவு என்பதையும் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

முதலில் நெகட்டிவின் கதை. அது தெரியாவிட்டால் திரையில் தெரிவதற்குக் காரணம் புரியாது. 1992-இல் ராய்க்குக் கௌரவ ஆஸ்கர் தந்தபோது, விழாவில் காட்டத் தகுந்த நல்ல பிரிண்ட் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அதைத் தொடர்ந்து அவர் படங்களைக் காப்பாற்றும் முயற்சி தொடங்கி, மூல நெகட்டிவ்கள் லண்டனில் இருந்த ஹெண்டர்சன் லேபுக்குப் போயின. 1993-இல் அந்த லேப் தீப்பிடித்தது. எரிந்தும் உருகியும் ஒட்டிக்கொண்டும் போன சுருள்களைத் தூக்கி எறியாமல் அமெரிக்காவின் அகாடமி ஃபிலிம் ஆர்க்கைவ் பத்திரப்படுத்தி வைத்தது. அன்றைக்கு அவற்றைத் தொடக்கூடிய தொழில்நுட்பம் எந்த லேபிலும் இல்லை. இருபது ஆண்டு கழித்துத்தான் இத்தாலியின் போலோன்யா நகரத்து லிம்மாஜினே ரித்ரோவாதா லேப் அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

காய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்த சுருளுக்கு முதலில் ஈரப்பதம் ஏற்றி வளைய வைத்தார்கள். பழைய பசை, டேப், மெழுகு ஆகியவற்றைக் கரைசல் கொண்டு நீக்கினார்கள். உருகிப்போன ஓரத் துளைகளைக் கையாலேயே மறுபடி கட்டினார்கள். ஸ்கேன் செய்வதற்கு முன்பே கைவேலை மட்டும் ஏறக்குறைய 1000 மணி நேரம். அப்படியும் பதேர் பாஞ்சாலியின் நெகட்டிவில் 40 சதவீதமும், அபராஜிதோவில் 60 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலும்தான் பயன்படும் நிலையில் தேறின. அபுர் சன்சாரில் மிஞ்சியவை இரண்டே ரீல்கள். அவையும் உதவாது என்றாகிவிட்டது. எனவே அந்தப் படம் முழுவதையும், மற்ற இரண்டின் மீதிப் பகுதிகளையும் ஃபைன் கிரெயின் மாஸ்டர், டூப் நெகட்டிவ் ஆகிய பிரதிகளிலிருந்து எடுத்தார்கள்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். மூல நெகட்டிவிலிருந்து மாஸ்டர் பாசிட்டிவ், அதிலிருந்து டூப் நெகட்டிவ் என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் நுண்விவரம் கொஞ்சம் கரையும், கிரெயின் (ஃபிலிமில் தெரியும் நுண்மணிகள்) கொஞ்சம் தடிக்கும், வெள்ளையும் கறுப்பும் கொஞ்சம் இறுகும். பிரதியில் இல்லாத விவரத்தை எந்த ஸ்கேனரும் உண்டாக்கித் தர முடியாது. ஆகவே 4கேயின் பலன் மூன்று படத்துக்கும் ஒரே அளவில் இருக்காது.

மூன்றில் அதிகம் பலன் பெறுவது அபராஜிதோ. நெகட்டிவ் அதிகம் தேறியது ஒரு காரணம். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா இந்தப் படத்தில் செய்த வேலை இன்னொரு காரணம். காசியில் அபுவின் அப்பா ஹரிஹரின் குடும்பம் இருக்கும் முற்றத்து வீடு உண்மையில் கல்கத்தா ஸ்டூடியோவில் போட்ட செட். மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன் மேல் அடித்துத் திருப்பி, வானத்திலிருந்து முற்றத்துக்குள் இறங்கும் நிழலில்லா வெளிச்சத்தை அவர் கொண்டுவந்தார். பழைய டிவிடியில் அந்த முற்றம் வெறும் சாம்பல் திட்டாகத்தான் தெரியும். இங்கே சுவரின் காரை, படிக்கட்டின் தேய்மானம், தூணுக்குப் பின்னால் வெளிச்சம் மெல்ல மங்கிப்போவது எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றன. படித்துறையில் புறாக்கள் கூட்டமாகக் கிளம்பும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். சிறகுகள் கட்டம் கட்டமாகச் சிதறாமல் இருக்கின்றன. எந்த டிஸ்க்கின் கம்ப்ரெஷனுக்கும் (படத் தகவலைச் சுருக்கிப் பதிவதற்கும்) இது கடினமான சோதனை.

பதேர் பாஞ்சாலி காட்சிக்குக் காட்சி மாறும். அதற்குத் தீ மட்டும் காரணமில்லை. கையில் காசு தீரத் தீரப் படப்பிடிப்பை நிறுத்தி, ஏறக்குறைய மூன்று ஆண்டு இழுத்து, கடைசியில் மேற்கு வங்க அரசின் பணத்தில் முடித்த படம் இது. ஒரு ஷாட் கத்தி போலக் கூர்மையாக இருக்க, அடுத்தது சற்று மென்மையாக விழும். உங்கள் டிவியில் கோளாறு என்று நினைத்து ஷார்ப்னெஸைக் கூட்டிவிடாதீர்கள். மழைக்கு முன் குளத்து நீர்மேல் பூச்சிகள் ஓடும் காட்சியும், நாணல் பூத்த வெளியில் அக்காவும் தம்பியும் ரயிலைப் பார்க்கும் காட்சியும் இந்தப் பெட்டியின் விலையில் பாதியை அங்கேயே திருப்பித் தந்துவிடும். வெளிறிய வானத்துக்கு எதிரே வெள்ளை நாணல், அதற்கு மேல் கரும்புகை. ப்ளூ-ரே 8 பிட் என்பதால் முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை 220 படிகள்தான். யுஎச்டி 10 பிட்டில் அதே தூரத்தைக் கடக்க 877 படிகள். வண்ணம் எதுவும் இல்லாத படத்தில் எல்லாமே இந்தச் சாம்பல் படிகளில்தான் இருக்கிறது. வானமும் மூடுபனியும் பட்டை பட்டையாகப் பிரியாமல் வழுக்கிச் செல்வதற்கு இதுவே காரணம். என் கணிப்பில், 4கே என்ற பிக்சல் கணக்கைவிட இந்த 10 பிட்தான் இந்தப் பெட்டியின் உண்மையான வரவு.

அபுர் சன்சாரில் ப்ளூ-ரேக்கும் 4கேக்கும் இடைவெளி குறைவு. மூலமே பிரதி என்பதால் கிரெயின் சற்றுத் தடிப்பாகத் தெரியும், நுண்விவரத்தில் பெரிய பாய்ச்சல் இருக்காது. ஆனால் படம் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராக இருக்கிறது. ஒரு ஷாட் இருண்டு அடுத்தது வெளுக்கும் துடிப்பு இல்லை. தலையணையில் அபு எடுக்கும் கொண்டை ஊசியின் பளபளப்பும், கிழிந்த திரைச்சீலையில் வெளிச்சம் கசிவதும் போதுமான தெளிவோடு நிற்கின்றன. சௌமித்ர சாட்டர்ஜி, ஷர்மிளா தாகூர் இருவருக்குமே முதல் படம் அது. அந்த முகங்களின் அண்மைக்காட்சிகளைப் பார்க்க ப்ளூ-ரேயே தாராளம்.

ஸ்ட்ரீமிங்கோடு ஒப்பிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கிரைட்டீரியன் சேனல் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டுமே கிடைக்கிறது. பொதுவாக 4கே ஸ்ட்ரீமிங் 15 முதல் 25 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வேகத்தில் வரும். ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் 40 வரை போகலாம், யுஎச்டி டிஸ்க்கில் மொத்தம் 100-ஐயும் தாண்டலாம். ஃபிலிம் கிரெயின் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுவதால், கம்ப்ரெஷன் அதைத் தேவையில்லாத புள்ளிக்கூட்டம் என்று எண்ணி முதலில் அதைத்தான் வெட்டும். அப்போது முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தை டிஸ்க்கில் பாருங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ஒலி மோனோ, சுருக்கப்படாதது. 1950-களின் ஒலிப்பதிவுக்கு உரிய இரைச்சல் அடியில் இருக்கிறது. அதை முழுவதும் துடைத்தெடுக்காமல் விட்டது நல்ல முடிவு. துடைத்திருந்தால் ரவிசங்கரின் சித்தார் அதிர்வின் வாலும் கூடவே போயிருக்கும். ஒலியைப் பல ஸ்பீக்கருக்குப் பிரிக்கும் ரிசீவர் வைத்திருப்பவர்கள் சரவுண்ட் மோடை அணைத்துவிட்டு ஸ்ட்ரெயிட் அல்லது டைரக்ட் மோடில் வையுங்கள். மோனோவை ஐந்து ஸ்பீக்கருக்குப் பரப்பினால் வசனம் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகிவிடும்.

இனி ரீஜன். வாங்குபவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். 4கே யுஎச்டி டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு என்பதே கிடையாது. அமெரிக்காவில் அச்சான டிஸ்க் சென்னையில் விற்கும் யுஎச்டி பிளேயரில் தடையில்லாமல் ஓடும். ஆனால் பெட்டியில் உள்ள ப்ளூ-ரேக்கள் ரீஜன் ஏ. இந்தியாவும் இலங்கையும் ரீஜன் சி. பிரிட்டன், ஐரோப்பா, வளைகுடா நாடுகள், ஆஸ்திரேலியா ஆகியவை ரீஜன் பி. அமெரிக்கா, கனடாவோடு சிங்கப்பூரும் மலேசியாவும் ரீஜன் ஏ-யில் வருவதால் அங்கே இருப்பவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் ப்ளூ-ரேயைப் போட்டால் இந்த டிஸ்க்கை இங்கே இயக்க முடியாது என்ற அறிவிப்பு மட்டும் வரும். ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவையும் ப்ளூ-ரே ரீஜனை மதிப்பவைதான். அவை வாங்கிய நாட்டின் ரீஜனையே கேட்கும்.

இதில் வலிக்கும் இடம் என்னவென்றால், சிறப்புப் பகுதிகள் எல்லாம் அந்த ப்ளூ-ரேக்களில்தான் இருக்கின்றன. 4கே டிஸ்க்கில் படம் மட்டுமே. உள்ளே இருப்பவை லேசுப்பட்டவையும் அல்ல. 1958-இல் ராய் தன் கட்டுரையைத் தானே வாசித்த ஒலிப்பதிவு, திரைப்பட வரலாற்றாளர் கிதியோன் பாக்மனோடு அவர் நடத்திய உரையாடல், ஜேம்ஸ் பெவரிட்ஜ் 1967-இல் எடுத்த அரைமணி நேர ஆவணப்படம், சௌமித்ர சாட்டர்ஜி, ஷர்மிளா தாகூர், ஒளிப்பதிவு உதவியாளர் சௌமேந்து ராய் ஆகியோரின் நேர்காணல்கள், வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ ராபின்சனின் காணொளிக் கட்டுரை, மறுசீரமைப்பு பற்றி இயக்குநர் கோகொனாடா செய்த பகுதிகள். ரீஜன் ஏ வசதி இருந்தால் கோகொனாடா பகுதியை முதலில் பாருங்கள். கருகிய சுருளைக் கண்ணால் கண்ட பிறகு படத்தைப் போட்டால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மதிப்புக் கூடிவிடும். ரீஜன் ஏ வசதி இல்லாதவர்களுக்கு எஞ்சுவது அச்சுப் புத்தகம்: டெரன்ஸ் ரஃபர்ட்டி, கிரிஷ் ஷம்பு ஆகியோரின் கட்டுரைகளும், பதேர் பாஞ்சாலிக்கு ராய் வரைந்த ஸ்டோரிபோர்டுப் படங்கள் சிலவும் உண்டு.

வழி இருக்கிறதா என்றால், எல்லா ரீஜனையும் படிக்கும்படி மாற்றி விற்கும் பிளேயர்கள் உண்டு. ஆனால் மாற்றம் செய்த பிளேயருக்குத் தயாரிப்பாளரின் வாரன்ட்டி போய்விடும். மென்பொருள் மூலம் மாற்றியிருந்தால் ஃபர்ம்வேர் (பிளேயரின் உள் மென்பொருள்) அப்டேட் போட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும் அபாயமும் உண்டு. விற்பவரிடம் டிவிடிக்கு மட்டுமா, ப்ளூ-ரேக்கும் சேர்த்தா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ரீஜன் ஃப்ரீ என்று எழுதி விற்பதில் பல டிவிடிக்கு மட்டும்தான் திறந்திருக்கும். கணினியில் பார்க்கலாம் என்ற யோசனை யுஎச்டி டிஸ்க்குக்கு இனி உதவாது. அதிகாரப்பூர்வப் பிளேயர் மென்பொருள் கேட்கும் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியை இன்டெல் 10-ஆம் தலைமுறைக்குப் பின் வந்த கோர் சிப்களிலிருந்து எடுத்துவிட்டது. ப்ளேஸ்டேஷன் 4 ப்ரோவும் யுஎச்டி டிஸ்க்கைப் படிக்காது.

சப்டைட்டில் ஆங்கிலம் மட்டுமே. புதிதாகச் செய்த மொழிபெயர்ப்பு, நிதானமாகப் படிக்கும்படி வருகிறது. தமிழ் இல்லை. வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பில் வழக்கமாக வரும் சிக்கல் ஒன்று. பிளேயருக்கும் டிவிக்கும் நடுவே பழைய ரிசீவர் இருந்து, அதில் எச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்பு வசதி இல்லாவிட்டால் பிளேயர் சத்தமில்லாமல் 1080பிக்கு இறங்கிவிடும். படம் ஓடுவதால் ஆளுக்குத் தெரியவே தெரியாது. டிவி ரிமோட்டில் இன்ஃபோ பொத்தானை அழுத்தி 2160பி (அதாவது 4கே), 24 ஹெர்ட்ஸ் என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டாவிட்டால் பிளேயரை நேரே டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஆப்டிகல் வயரில் ரிசீவருக்கு எடுங்கள். மற்ற படங்களுக்கு ஆப்டிகல் என்றால் ஒலித்தரம் குறையும். இங்கே மோனோ என்பதால் எந்த நஷ்டமும் இல்லை.

டிவி செட்டிங்ஸில் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் சினிமா மோட். மோஷன் ஸ்மூத்திங்கை அணைப்பது கட்டாயம்: சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி என்று பெயர் இருக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷன் எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். 1000 மணி நேரம் பாடுபட்டுக் காப்பாற்றிய கிரெயினை அந்த ஒரே செட்டிங் அழித்துவிடும். கலர் டெம்பரேச்சர் வார்ம் பக்கம் இருக்க வேண்டும். கூல் என்று விட்டால் கறுப்பு வெள்ளைப் படம் நீலச்சாயம் ஏறி, நிலாவெளிச்சத்தில் எடுத்ததுபோல் தெரியும். வண்ணப் படத்தில் கண்ணுக்குப் படாத இந்தத் தவறு இங்கே முதல் நொடியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

படத்தின் வடிவம் 1.37:1. அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரவேண்டும். 3840 பிக்சல் அகலத்தில் படம் சுமார் 2960 பிக்சலை எடுத்துக்கொள்ள, பக்கத்துக்கு 440 பிக்சல் கறுப்பு. வைட், ஜூம் என்று எதையும் அழுத்தித் திரையை நிரப்பாதீர்கள். ஆள் குண்டாவார், இல்லையென்றால் தலை வெட்டுப்படும். ஓஎல்இடி டிவியில் பட்டையின் தடம் பதிந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். மூன்று படமும் சேர்த்தே 341 நிமிடம்தான். புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் திரையின் இரு ஓரத்திலும் கறுப்பு வெல்வெட் துணி தொங்கவிட்டால் கான்ட்ராஸ்ட் கண்ணுக்குத் தெரியும் அளவு ஏறும்.

இதிலிருந்து வரும் இன்னொரு கணக்கு, உட்காரும் தூரம். 55 அங்குல டிவியில் இந்தப் படம் 46 அங்குல அளவுக்குத்தான் தெரியும். அந்த டிவியில் 1080பியின் ஒரு பிக்சல் 0.63 மில்லிமீட்டர். சராசரிக் கண்பார்வைக்கு 2.2 மீட்டரைத் தாண்டினால் அது தனியாகத் தெரியாது. 65 அங்குலத்துக்கு இந்த எல்லை சுமார் 2.6 மீட்டர். சோஃபா அதைவிடத் தள்ளி இருந்தால் 4கேயின் கூடுதல் கூர்மை உங்கள் கண்ணை வந்து சேராது. 10 பிட்டின் சாம்பல் வழுக்கல் மட்டும் சேரும். நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வதுதான் செலவில்லாத வழி.

ஆகவே கணக்கு இப்படிப் போகிறது. சிங்கப்பூர், மலேசியா, வட அமெரிக்காவில் இருந்து, 2015 ப்ளூ-ரே பெட்டி ஏற்கெனவே கையில் இருந்து, தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர் என்றால் அவசரப்பட வேண்டாம். சிறப்புப் பகுதிகள் உங்களிடம் இருக்கின்றன. புரொஜெக்டரோ பெரிய டிவியோ இருந்தால் மட்டும் மாறுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்குப் பழைய ப்ளூ-ரே பெட்டி பயன்படாது. மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கிவிட்டுப் புலம்புபவர்கள் அதிகம். 4கே பெட்டிதான் ஒரே நேர்வழி, அதற்கு யுஎச்டி பிளேயர் கட்டாயம்.

விலை நூறு டாலருக்கு மேல். ஆனால் அந்த விலைக்கு யாரும் வாங்கத் தேவையில்லை. கிரைட்டீரியன் தன் தளத்தில் அவ்வப்போது 24 மணி நேரப் பாதிவிலை விற்பனை வைக்கும். அமெரிக்கப் புத்தகக் கடை பார்ன்ஸ் அண்ட் நோபிள் வழக்கமாக ஜூலையிலும் நவம்பரிலும் பாதிவிலைக்குத் தரும். இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்க வரியோடு கூரியரின் கையாளும் கட்டணமும் சேரும் என்பதால், அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வரும் உறவினர் கையில் கொடுத்தனுப்பச் சொல்வதே சிக்கனம்.

பெட்டி வந்ததும் ஆறு டிஸ்க்கையும் வெளியே எடுத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பயணத்தில் பிடியிலிருந்து கழன்று உள்ளேயே உருண்ட டிஸ்க்கில் மெல்லிய கீறல் விழுந்திருக்கும். யுஎச்டி டிஸ்க்கில் ஒரு அடுக்கிலேயே 33 ஜிபி வரை அடர்த்தியாகப் பதிவதால் ப்ளூ-ரே பொருட்படுத்தாத கைரேகைகூட இதைத் திணற வைக்கும். படம் உறைந்து நின்றால் உடனே பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். மைக்ரோஃபைபர் துணியைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்து, பிளேயரால் பிழையைத் திருத்த முடியாமல் போகும். பிளேயரின் ஃபர்ம்வேரையும் ஒருமுறை அப்டேட் செய்யுங்கள். அதன் பிறகும் அதே நிமிடத்தில் நின்றால் டிஸ்க்கில்தான் கோளாறு. ஒவ்வொரு படத்தையும் தொடக்கத்தில், நடுவில், கடைசி அத்தியாயத்தில் என்று தாவித் தாவி ஓட்டிப் பார்த்துவிடுங்கள், மாற்றிக் கேட்கும் கெடு முடிவதற்குள்.